நீர்க்காகமும் பண்ணைக்குட்டையும்
(உழவர் பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெல், கரும்பு, வாழை என்று பேசிப் பழகிய இடத்தில் இன்று பறவையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. பண்ணைக்குட்டை வெட்டி மீன்குஞ்சு விட்டிருக்கும் உழவர்களிடமிருந்து எங்களுக்கு வரும் கேள்விகளில், நோயைப் பற்றியதும் தீவனத்தைப் பற்றியதும் பாதி என்றால், மீதிப் பாதி "இந்தக் கறுப்புப் பறவையை என்ன செய்வது?" என்பதுதான். கடன் வாங்கிக் குட்டை வெட்டி, காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டவர் கேட்கும் கேள்வி அது. "பறவைகளும் வாழட்டுமே" என்று சொல்லி அவரை அனுப்பிவிட முடியாது. அதே வேளையில், சிலர் கையாளத் தொடங்கியிருக்கும் நஞ்சு வைக்கும் வழியைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்கவும் இயலாது.

முதலில், நீரில் மூழ்கி மீன் பிடிக்கும் பறவை எது, சும்மா மிதக்கும் பறவை எது என்று பிரித்தறிந்துகொள்ள வேண்டும். பனிக்காலத்தில் ஏரியில் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் வாத்துகளைக் கண்டு, "என் மீனெல்லாம் போயிற்று" என்று பதறுவோர் பலர். அப்பதற்றம் தேவையற்றது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கிளுவையும் நீர்ப்பாசி, புல் விதை, சிறு பூச்சி, புழு ஆகியவற்றைத் தின்பவை. நம் ஊரிலேயே தங்கியிருக்கும் புள்ளிமூக்கு வாத்தும் அப்படியே. நாமக்கோழி நன்றாக மூழ்கும். ஆயினும் அது மூழ்குவது பெரும்பாலும் கொடிப்பாசிக்காகத்தான். இவற்றின் அலகைப் பாருங்கள். வாத்தின் அலகு தட்டையானது. சேற்றையும் நீரையும் வடிகட்டுவதற்கு ஏற்றது. வழுக்கும் மீனைக் கவ்வி நிறுத்த அது உதவாது.

வாத்து இனத்திலேயே மூழ்கி மீன் பிடிப்பது ஒன்றும் இல்லையா என்று கேட்டால், உண்டு. மெர்கான்சர் என்று அதற்குப் பெயர். மெலிந்து நீண்ட அலகு, அதன் ஓரத்தில் இரம்பப் பற்களைப்போன்ற வரிசை, நுனியில் கொக்கி. குளிர்ந்த, தெளிந்த, வேகமாக ஓடும் ஆறுதான் அதன் இடம். ஆற்றோரத்து முதுமரங்களின் பொந்துகளில் முட்டையிடும். இமயமலையிலிருந்து இறங்கும் ஆறுகளில், கார்பெட் காட்டுப் பக்கமெல்லாம், குளிர்காலத்தில் அதைக் காணலாம். நம் கலங்கல் ஏரிக்கு அது வருவதில்லை. அது அங்கே செய்யும் வேலையை இங்கே செய்பவை வேறு பறவைகள். அவற்றுள் தலையாயது நீர்க்காகம்.

நீர்க்காகம் காக்கையும் அன்று, வாத்தும் அன்று. நம் பக்கத்தில் மூன்று வகை உண்டு. எங்கும் மிகுதியாகக் காணப்படுவது சிறு நீர்க்காகம். அண்டங்காக்கை அளவிருக்கும், எடை அரைக் கிலோவுக்குள். அடுத்தது சற்றுப் பெரிய கொண்டை நீர்க்காகம். மூன்றாவது பெரிய நீர்க்காகம். 2 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. பெரிய நீர்த்தேக்கங்களில் மிகுதி. இவற்றோடு சேர்ந்து திரியும் பாம்புத்தாராவையும் அறிந்திருப்பீர்கள். உடம்பு முழுவதும் நீருக்குள் இருக்க, பாம்பு தலை நீட்டியதுபோல் கழுத்து மட்டும் வெளியே தெரியும். பெயரில்தான் தாரா, அதுவும் வாத்து இனமன்று. நீர்க்காகம் மீனைத் துரத்திக் கவ்வும். பாம்புத்தாராவோ கூரிய அலகால் மீனைக் குத்தி, மேலே கொண்டுவந்து, சுண்டி எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கும்.

நீர்க்காகம் கரையில் சிறகை விரித்துக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாத்தின் இறகில் நீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகோ ஓரளவு நனையும். நனைவது ஒரு குறைபோலத் தோன்றினாலும், மூழ்குவதற்கு அதுவே வசதி. இறகுக்குள் காற்று தங்கினால் பறவையை மேலே மேலே தூக்கும். நனைந்தால் எளிதாக அமிழலாம். கால் விரல்கள் நான்கையும் இணைத்துச் சவ்வு இருப்பதால் நீருக்குள் துடுப்புப் போட்டதுபோல் பாயும். வேட்டை முடிந்ததும் இறகைக் காய வைக்க ஓர் இடம் வேண்டும். கரையில் பட்டமரமோ, நட்ட கழியோ, மோட்டார் கொட்டகைக் கூரையோ இருந்தால் அங்கே வந்து அமரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

இனி இழப்பின் கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்குத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மீனை ஒரு பறவை தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். 450 கிராம் எடையுள்ள சிறு நீர்க்காகத்துக்கு 90 கிராம் மீன் வேண்டும். உங்கள் குட்டை 10 செண்ட். சதுர மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் 400 குஞ்சு விட்டிருக்கிறீர்கள். குஞ்சு ஒவ்வொன்றும் 5 கிராம். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு 18 குஞ்சு. பத்துப் பறவை வந்தால் 180. மூன்றாம் நாள் குட்டை காலி. நடைமுறையில் மீன் குறையக் குறைய பறவை வேறிடம் தேடிப் போகும் என்றாலும், உங்கள் முதல் அதற்குள் போயிருக்கும். அதே குட்டையில் குஞ்சு ஒவ்வொன்றும் 100 கிராம் இருந்தால் கணக்கே வேறு. சிறு நீர்க்காகத்தின் தொண்டைக்கு அது பெரிது. அதிலும் கட்லா போன்று உடல் அகன்ற மீனை அதனால் விழுங்கவே இயலாது. ஆகவே இழப்பு முழுவதும் குஞ்சு சிறிதாயிருக்கும் முதல் இரண்டு மூன்று மாதங்களில்தான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பறவையோடு போராட வேண்டியதில்லை.

பெரிய ஏரி, கண்மாய்களில் நிலைமை இதுவன்று. அங்கே நீர்க்காகங்கள் வரிசை கட்டி மீன்களை ஒரு பக்கமாக விரட்டிப் பிடிக்கும். கரையோரம் ஒதுங்கும் மீனைக் கொக்குகள் எதிர்கொண்டு பிடிக்கும். பார்க்கப் பெருங்கொள்ளைபோல இருக்கும். ஆனால் அவற்றின் வாயில் அகப்படுபவை பெரும்பாலும் பொடிக்கெண்டையும், திலேப்பியாக் குஞ்சும், இன்ன பிற சில்லறை மீன்களுமே. 1952ஆம் ஆண்டு நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா எப்படிப் பல்கிப் பெருகிற்று என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது குளத்தில் பெருகினால் கட்லாவும் ரோகுவும் மெலியும். அதன் குஞ்சைத் தின்று குறைக்கும் பறவையை முழுப் பகையாகக் கருதுவது பொருந்தாது என்பது என் கருத்து. ஏரிக் குத்தகைதாரர் இதனை ஒப்புக்கொள்ளமாட்டார். அவருக்குக் கணக்கு வலையில் விழுந்த எடை மட்டும்தான்.

குட்டையில் குஞ்சு குறைந்தால் பழி முழுவதையும் பகலில் கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் பறவைமேல் போடுவது வழக்கமாகிவிட்டது. இரவில் வருபவற்றையும் எண்ண வேண்டும். பொழுது சாய்ந்ததும் "க்வாக்" என்று குரல் கொடுத்துப் பறக்கும் வக்கா, இரவெல்லாம் ஓரத்து ஆழமற்ற நீரில் நின்று மீன் பிடிக்கும். காலையில் சேற்றில் நீண்ட விரல்களின் தடம் தெரிந்தால் அது வக்காவின் அல்லது மடையானின் வேலை. நீர்க்காகம் தடம் வைக்காது. தண்ணீர்ப் பாம்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் குட்டைக்குள்ளேயே இருக்கும் பகை ஒன்று உண்டு: முந்தைய ஆண்டின் விராலும் கெளுத்தியும். குட்டையை முழுவதும் வற்றவிட்டுக் காயப்போடாமல் குஞ்சு விட்டால், சேற்றில் பதுங்கியிருந்த விராலுக்கு விருந்து வைத்ததாகும். வற்றவிட இயலாத குட்டையில் இலுப்பைப் பிண்ணாக்கை ஹெக்டேருக்கு 2,500 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 கிலோ வீதம் ஊறவைத்துக் கரைத்து விட்டால் அவை மேலே வந்துவிடும். பிண்ணாக்கின் நஞ்சு நீங்க மூன்று வாரம் பொறுத்துக் குஞ்சு விடலாம். இதைச் செய்யாமல் நீர்க்காகத்தின்மேல் கல்லெறிந்து பயனில்லை.

இன்னொரு பறவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முக்குளிப்பான் என்று ஒரு குட்டிப் பறவை, உருண்டையாக, வாலே இல்லாததுபோல், ஆளைக் கண்டால் சட்டென்று மூழ்கி வேறிடத்தில் தலைகாட்டும். இதுவும் சிறு மீனைத் தின்னும், மறுப்பதற்கில்லை. ஆனால் தும்பியின் இளம்புழு, நீர்வண்டு, தலைப்பிரட்டை ஆகியவற்றையும் ஏராளமாகத் தின்னும். மீனின் நுண்குஞ்சுகளைக் கொல்வதில் இந்தத் தும்பிப் புழுவும் நீர்வண்டும் பறவையைவிடக் கொடியவை. வளர்ப்புக் குட்டையில் ஓரிரு முக்குளிப்பான் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது காப்பு முறைகளுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் உறுதியானது வலை. குட்டை முழுவதற்கும் வலை போடுவது செலவு. எனவே ஒரு மூலையில் 1 செண்ட் அல்லது 2 செண்ட் அளவில் நாற்றங்கால் குட்டை ஒன்று வெட்டி, அதற்கு மட்டும் வலை போடுங்கள். நெல்லுக்கு நாற்றங்கால் வைத்துப் பிடுங்கி நடுபவர்கள் நாம். மீனுக்கும் அதே முறைதான். அங்கே தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கொடுத்துக் குஞ்சை வளர்த்து, ஒரு சாணுக்குக் குறையாத நீளம் வந்தபின் பெரிய குட்டைக்கு மாற்றுங்கள். நெரிசல் கூடினால் குஞ்சு வளராது. ஆகவே பெரிதானவற்றை அவ்வப்போது பிரித்து மாற்றிவரலாம். இது ஒன்றைச் செய்தாலே சிறு நீர்க்காகத்தால் வரும் இழப்பில் பெரும்பகுதி நின்றுவிடும்.

வலையைச் சவுக்குக் கழி நட்டு, நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி மேலே, விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் பறவை விழுந்து சிக்கிச் சாகும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு வலை கூடவே கூடாது. பருத்த நூலில் முடிந்த, இரண்டு அங்குலக் கண்ணுள்ள, பறவையின் கண்ணுக்குத் தெரியும் வலையே நல்லது. பக்கவாட்டிலும் தரைவரை மறைக்க மறவாதீர்கள். மேலே மட்டும் மூடிய குட்டைக்குள் நீர்க்காகம் கரையில் இறங்கி நடந்தே போய்விடும்.

பெரிய குட்டைக்கு வலைக்குப் பதில் கயிறு கட்டலாம். நீர்க்காகம் உடல் கனத்த பறவை. நீரிலிருந்து எழும்பும்போது சிறிது தூரம் நீர்மேல் ஓடித்தான் மேலெழும். குறுக்கே கயிறுகள் இருந்தால் இறங்கவும் எழும்பவும் தயங்கும். மூன்றடிக்கு ஒரு கயிறாகக் கட்டினால் ஓரளவு பயன் உண்டு. முழுப் பயன் என்று சொல்லமாட்டேன். பளபளக்கும் நாடா, பழைய கேசட் நாடா, வைக்கோல் பொம்மை, தகர டப்பா ஓசை இவையெல்லாம் முதல் வாரம் நன்றாக வேலை செய்யும். அடுத்த வாரம் பொம்மையின் தலைமேலேயே சிறகு காய வைக்கும். இடத்தையும் வகையையும் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் சற்று நீடிக்கும். கரையில் மனித நடமாட்டம் இருப்பதைப்போல் வேறொன்றும் இல்லை. விடியற்காலையும் மாலையும் தீவனம் போடும் வேலையை வைத்துக்கொண்டால், பறவை வரும் நேரத்தில் நீங்களும் அங்கே இருப்பீர்கள். குட்டைக்குள் நட்டிருக்கும் வேண்டாத கழிகளைப் பிடுங்கிவிடுங்கள். சிறகு காய இடம் இல்லாத குட்டை அதற்கு வசதிப்படாது.

மீனுக்கும் ஒளிய இடம் வேண்டும். ஏரியில் இலையும் தண்டும் வேரும் உண்டு. நம் குட்டையோ நான்கு பக்கமும் நேராக வெட்டிய மொட்டைப் பள்ளம். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டை என்றால் கேட்கவே வேண்டாம். மீன் ஒதுங்க ஓர் இடமும் இராது. ஆழமான மூலை ஒன்றில் பனை மட்டைகளையோ முள் நீக்கிய கருவேலங் கிளைகளையோ கட்டாகக் கட்டிக் கல் வைத்து அமிழ்த்துங்கள். குஞ்சு அதனுள் புகுந்துகொள்ளும்; பறவையால் நுழைய இயலாது. ஒரே மூலையில் போடச் சொல்வது, அறுவடைக்கு வலை இழுக்கும்போது எளிதாக எடுத்துவிடுவதற்காக. தாள் விரித்த குட்டையில் மட்டை தாளைக் கிழிக்காதபடி பழைய சாக்கை அடியில் போட வேண்டும். பச்சைச் சாணம் கரைத்துவிட்டு நீரைப் பசுமையாக வைத்திருப்பதும் ஓரளவு உதவும். கண்ணால் பார்த்துத் துரத்தும் பறவைக்குத் தெளிந்த நீர்தான் வசதி. அளவு மீறிச் சாணம் விட்டு, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்படி செய்துவிடாதீர்கள்.

மீனோடு வீட்டு வாத்து வளர்ப்போரும் இங்கே இருக்கிறீர்கள். ஹெக்டேருக்கு 200 முதல் 300 வாத்து என்பது பரிந்துரை; ஏக்கருக்கு நூறு என்று கொள்ளலாம். வாத்தின் எச்சம் குட்டைக்கு உரம். ஆனால் குஞ்சு 10 சென்டிமீட்டர் நீளம் வருமுன் வாத்தை இறக்கினால், நீர்க்காகம் செய்வதை உங்கள் வாத்தே செய்யும். பசித்த வாத்து எதிரே வரும் சிறு குஞ்சை விட்டுவைக்காது.

நஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீனின் வயிற்றில் குருணை மருந்தை வைத்துக் கரையில் போடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். அந்த மீனை நீர்க்காகம் பெரும்பாலும் தின்னாது. அது உயிரோடு நீந்தும் மீனைத் துரத்திப் பிடிப்பது. தின்பவை பருந்தும், காக்கையும், தெருநாயும், சில வேளை அறியாத குழந்தையும். மருந்து கரைந்து இறங்குவது உங்கள் கிணற்றில். இதற்குமேல் சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீர்க்காகத்தையோ பாம்புத்தாராவையோ கொல்வதும், முட்டையை எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும் தண்டனைக்குரிய குற்றம். வலை போடுவதற்கும், கயிறு கட்டுவதற்கும், கரையில் நின்று விரட்டுவதற்கும் ஒருவரும் உங்களைக் கேட்கமாட்டார்கள்.

இந்தப் பறவைகள் எங்கே கூடு கட்டுகின்றன என்பதும் நம் வேளாண்மையைச் சேர்ந்த செய்திதான். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர் அளவே உள்ளது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பிலும் கருவேலிலும் கார்த்திகை முதல் பங்குனி வரை நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, நாரை, அரிவாள்மூக்கன் என்று ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. அவ்வூர் உழவர்கள் இந்தப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டளவில் லயனல் பிளேஸ் என்ற ஆட்சியரிடமிருந்து பாதுகாப்பு உரிமையை எழுத்தில் பெற்றார்கள். 2022ஆம் ஆண்டு அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஊரார் காத்தது வெறும் இரக்கத்தால் மட்டுமன்று. பறவை எச்சம் விழுந்த ஏரி நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்கின்றன. அந்த நீர் பாயும் நெல்வயலுக்கு உரச் செலவு குறையும் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் காப்பிடத்தையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன.

இங்கேதான் ஒரு சிக்கல். அத்தனை ஆயிரம் பறவைக்கும் குஞ்சுக்கும் வேண்டிய மீன் வேடந்தாங்கல் ஏரிக்குள் இல்லை. அவை சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் குட்டைகளிலும் இரை தேடி, எச்சத்தைக் கூட்டு மரத்தின்கீழ் இடுகின்றன. உரம் ஓர் ஊருக்கு, இரை வேறோர் ஊரில். பத்து மைலுக்கு அப்பால் குட்டை வைத்திருப்பவருக்கு வேடந்தாங்கல் பெருமையால் என்ன பயன் என்று ஒருவர் கேட்டால், அது நேர்மையான கேள்வி. சுற்றுவட்டாரத்து ஏரிகளில் நீரும் சில்லறை மீனும் இருக்கும்வரை பறவைக்கு உங்கள் குட்டை தேவைப்படாது என்பதே அதற்கு நான் சொல்லக்கூடிய விடை. ஏரி தூர்ந்து, ஆக்கிரமிப்பில் சுருங்கி, தை மாதமே வற்றினால், ஆழ்குழாய்க் கிணற்று நீர் நிரம்பிய உங்கள் குட்டைதான் அந்த வட்டாரத்தில் மீன் இருக்கும் ஒரே இடமாகும். குட்டைகளில் நீர்க்காகத் தொல்லை கூடியிருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம், அந்த ஊர் ஏரியின் நிலை என்ன என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு.

அதனால் குஞ்சு விடும் காலத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நீர் நிரம்பியதும் ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு விடுகிறோம். பறவைகள் கூட்டில் குஞ்சு வைத்துக்கொண்டு இரைக்கு அலைவதும் மார்கழி, தை மாதங்களில்தான். இரண்டும் ஒரே நேரம். கிணற்று வசதி உள்ளவர்கள் ஆவணியிலேயே நாற்றங்கால் குட்டையில் குஞ்சை விட்டு, வலைக்கடியில் வளர்த்து, பெரிய குட்டை நிரம்பும் கார்த்திகையில் மாற்றினால், கூட்டில் பறவைக் குஞ்சு கத்தத் தொடங்கும்போது உங்கள் மீன் அதன் தாயின் தொண்டைக்கு அடங்காத அளவு வளர்ந்திருக்கும்.

கூடு கட்டும் மரங்கள் உள்ள ஏரியின் பாசனச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். கூட்டுக்கடியில் நீர் நிற்கும்வரை பூனையும் நாயும் மரத்தை அணுகா. மீன் குத்தகைக்காக மடையைத் திறந்து ஏரியைச் சீக்கிரம் வடிப்பதைப் பங்குனிவரை தள்ளிவைக்க முடியுமா என்று, குத்தகை ஒப்பந்தம் எழுதும்போதே பேசிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுதி முன்பணம் கைமாறியபின் பேசினால் குத்தகைதாரரும் கேட்கமாட்டார். கேட்கச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு இராது.